சூடம் ஏற்றிய வண்டி

நான் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் மெத்தை ஒரு பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டு. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், முனீஸ்வரன் கோயில் வாசலில், எலுமிச்சம்பழமும் சூடமும் பூவும் பரப்பிக்கொண்டு முன்பெல்லாம் வெறும் சாக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். கோடையில் சிமெண்டுத் தரையின் சூடு சாக்கைத் தாண்டி ஏறும். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் என் இடத்தில் இந்தச் சீட்டு கிடந்தது. துடைத்து, கிழிந்த இடத்தைச் சாக்கு நூலால் தைத்து, அடியில் பலகை அடித்து வைத்திருந்தது. பூசாரியைக் கேட்டேன், எதிரில் பஞ்சர் கடையில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. முனீஸ்வரனே கொடுத்தார் என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநாள் கழித்து அதன் ஓரம் பிரிந்தது. அன்று யாருக்கோ பழைய வண்டி பார்க்க வந்திருந்த பச்சைமுத்து குனிந்து, "நான் தெச்ச எடத்துலயே வுட்டுக்கிச்சு பாரு" என்று முணுமுணுத்தார். சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பீடி வாங்கப் போய்விட்டார்.

பச்சைமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சிங்கவரம் போகும் வழியில் காலனியில் வீடு. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் லோடு வண்டி ஓட்டியவர். முதுகு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டபின், பழைய பிக்கப் வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வதே தொழிலாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்குகிறவர்கள் குறைவு. நெல், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, தர்பூசணி, ஆடு எல்லாம் இரண்டாம் கை, மூன்றாம் கை பிக்கப்பில்தான் போகின்றன. வேலூர் பக்கத்திலிருந்து தரகர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கோயிலுக்கு முன்னால் மைதானம் விசாலமாக இருப்பதால் எல்லாரும் இங்கேதான் கூடுவது. முதலில் பச்சைமுத்து பார்க்க வேண்டும், பிறகு பணம், அதற்குப் பிறகு முனீஸ்வரனுக்குப் பூசை. இதுதான் வழக்கம்.

அவர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பவருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று பஞ்சர் கடைக்காரர் கேலி செய்வார். படுப்பதற்கு ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருக்கிறார். யார் வீட்டுப் பெண்ணுக்கோ மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்தது. படம் இருக்கும் பக்கம் தரையில் படும்படி பார்த்துத்தான் விரிப்பார். "புள்ள மூஞ்சி மேல படுக்கறதா?" என்பார். "அப்போ புள்ள மூஞ்சிய மண்ணுல கவுக்கலாமா?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது தூங்குதுய்யா" என்பார்.

மீசைதான் அவருடைய ஒரே ஆடம்பரம். அடர்த்தியான மீசை. பஜாரில் சலூனுக்குப் போய் மை பூசிக்கொண்டு, கன்னத்தில் கொஞ்சம் கறையோடு வருவார்.

வண்டி பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை. பானட்டைத் திறந்து, ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைப்பார். மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தால் தலையை ஆட்டுவார். துள்ளிக் குதித்தால், "உள்ள அடங்கலப்பா, ஆள முழுங்கிடும்" என்பார். ஆயில் குச்சியை உருவி இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். கை பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்ப்பார். என்ஜின் பட்டென்று நின்றால் கிளட்சு நல்லது, நிற்காமல் உறுமினால் கிளட்சு போய்விட்டது. பின்சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் ஸ்பிரிங் கட்டில் கம்பெனி கொடுத்ததைவிடப் பட்டை ஒன்று கூடுதலாக இருந்தால் அவர் முகம் மாறிவிடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டிக்குத்தான் பட்டை சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியின் சேஸை, அதாவது வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டத்தை, ஸ்பேனரால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

தரகர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. "யோவ் பச்ச, வண்டி பாக்க சொன்னா ஜோசியமா பாக்கற?" என்று ஒருவர் சீறினார்.

"ஜாதகம் எதுக்குய்யா? தோ பெடல் ரப்பர பாரு. மீட்டர்ல நாப்பதாயிரம் கிலோமீட்டர்னு போட்டிருக்குது. நாப்பதாயிரம் மெதிச்ச ரப்பரா இது? காசிக்கு நடந்து போன செருப்பாட்டம் இருக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தரகர் விலையில் கொஞ்சம் இறங்கினார்.

செலவு சொல்வதில்தான் அவருடைய விசித்திரம். ரூபாயில் சொல்லவே மாட்டார். வாங்குகிறவர் எதை விற்றுப் பிழைக்கிறாரோ அதில் சொல்லுவார். மல்லாட்டை போடுகிறவரிடம், "கிளட்சு செட்டு மாத்தணும், ஒன்ற மூட்ட மல்லாட்ட. டர்போ ஆயில் கக்குது, அது ஒரு மூணு மூட்ட. யோசன பண்ணிக்க" என்பார். ஆடு வளர்க்கிறவரிடம், "பின்னாடி கிரௌன் பல்சக்கரம் சத்தம் போடுது, ரெண்டு வெள்ளாடு. என்ஜின பிரிச்சா பட்டியே காலி" என்பார். கேட்கிறவர் அப்போதுதான் உண்மையாகக் கணக்குப் போடுவார். முகத்திலேயே தெரியும். செஞ்சி பஜாரில் மண்டி வைத்திருக்கும் செட்டியார் ஒருவரிடம் மட்டும் ரூபாயில் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு ரூபாதாங்க்கா சரக்கு" என்றார்.

இத்தனை பேசுகிறவர், ஒரு நேரத்துக்குப் பிறகு வாயைத் திறக்கவே மாட்டார். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டதென்றால், அந்த வண்டியைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லமாட்டார். அவர் மட்டுமல்ல, எங்கள் பக்கத்து டிரைவர்கள் யாருமே சொல்லமாட்டார்கள். டயரைக் காலால் உதைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். பூசை முடிந்த வண்டி சாமிக்குச் சொந்தம், அதைக் குறை சொன்னால் சாமியைக் குறை சொன்ன மாதிரி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதில் ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதையில்தான் தவறு நடந்தது.

அனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் மீனம்பாள் வெள்ளிக்கிழமை தவறாமல் இந்தக் கோயிலுக்கு வருகிறவள். கணவன் கொத்தனார், சாரம் சரிந்து போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஆடு வளர்த்தே மகன் ஆதவனை பி.காம். படிக்க வைத்தாள். அவன் ஒரு ஃபைனான்சில் வசூல் வேலைக்குப் போய், கடன் கட்ட முடியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தச் சொன்னதால், அது பிடிக்காமல் விட்டுவிட்டான். சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி லோடு அடிக்கலாம் என்று தாயும் மகனும் முடிவு செய்தார்கள். பாதிக்குக் கடன். மீதிக்கு மீனம்பாள் பட்டியில் இருந்த எல்லா ஆட்டையும் விற்றாள். வண்டி பார்க்கப் பச்சைமுத்துவிடம் சொல்லியிருந்தாள். சொந்தமில்லை, ஆனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

ஆடி கழிந்து ஆவணியில் முதல் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். தரகர் காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டார். மீனம்பாளும் ஆதவனும் அவள் நாத்தனார் ஜெயக்கொடியும் வந்துவிட்டார்கள். பச்சைமுத்துவைக் காணோம். போன் போட்டால் வந்துகொண்டே இருக்கிறேன் என்கிறார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பூசாரி கோதண்டராமன் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் பொறந்துட்டா அப்பால மத்தியானம்தாம்மா. பூசைய முடிச்சுக்குங்க, பணம் அப்பறம் குடுங்க" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். என்னிடம் சூடமும் எலுமிச்சம்பழமும் வாங்கினார்கள். தட்டை யார் பிடிப்பது என்று தயங்கி நின்றபோது, "வண்டி உன்னுது, நீயே ஏத்தும்மா" என்று பூசாரி மீனம்பாள் கையிலேயே கொடுத்தார். அவள் ஏற்றினாள். ஆதவன் வண்டியை நகர்த்தினான். நான்கு பழமும் நசுங்கின.

அப்போதுதான் பச்சைமுத்து வந்தார். மீசை பளபளவென்று கறுப்பாக இருந்தது. கன்னத்தில் மை இன்னும் காயவில்லை.

"இன்னாண்ணே இவ்ளோ நேரம்? ராவு காலம் வந்துடும்னு ஏத்திட்டோம். பணம் இன்னும் தர்ல. நீ பாத்து சொன்னாத்தான்" என்றாள் மீனம்பாள்.

அவர் நசுங்கிய பழங்களைப் பார்த்தார். "ஏத்திட்டியா" என்றார். பேனரை விரித்து அடியில் போனார்.

ஸ்பேனரால் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு பக்கம் கணீரென்று கேட்டது. இன்னொரு பக்கம் சத்தமே எழவில்லை, அடைத்துப் போனது. திரும்பவும் தட்டினார். அங்கே அவர் கண்டதைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் அறைக்குப் பின்னால், பாரம் ஏற்றும் தொட்டி உட்காரும் இடத்தில், சேஸ் விரிந்து உடைந்திருந்தது. அதை அரைகுறையாக வெல்டிங் அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசி வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் பெயிண்ட் உரிந்து வந்ததாம்.

வெளியே வந்து எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை முதுகில் எலுமிச்சம்பழச் சாறு பட்டிருந்தது. தரகர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே?"

பச்சைமுத்து கோயிலைப் பார்த்தார். சூடம் இன்னும் அணையவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்குது. சாமி தொணயா இருக்கும்."

"எத்தினி ஆடு செலவு வரும், அத்த சொல்லலியே?" என்று மீனம்பாள் சிரித்தாள்.

"ஒண்ணும் வராது."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தரகர் பணத்தை எண்ணாமலேயே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பார்த்ததற்குக் கூலி கொடுத்தபோது பச்சைமுத்து வாங்கவில்லை. கைம்பெண் என்று இரக்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் வண்டி ஓடியது. ஐப்பசி மழையில் அனந்தபுரம் சாலை பள்ளமும் மேடுமாக இருந்த சமயம், செஞ்சி விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சேஸ் விட்டுவிட்டது. முன்பக்கம் ஒரு திக்கும் தொட்டி ஒரு திக்குமாக வண்டி நடுவில் மடிந்து நின்றது. மூட்டைகள் சேற்றில் விழுந்தன. ஆதவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனம்பாளுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள்.

போன் வந்ததும் முதலில் ஓடியவர் பச்சைமுத்து. வண்டியைக் கட்டி இழுத்து அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தொட்டியைக் கழற்றி, டிரைவர் அறையைத் தூக்கி, இரண்டு பக்கமும் தகடு வைத்து அடிக்க வேண்டும், ஸ்பிரிங் கட்டும் மாற்ற வேண்டும் என்றார். "எவ்ளோ ஆவும்ணே?" என்று மீனம்பாள் கேட்டாளாம். அவர் வழக்கப்படி வாயைத் திறந்து, "அஞ்சு..." என்று தொடங்கியவர், அவிழ்த்துப் போட்ட கயிறுகள் மட்டும் கிடக்கும் பட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி ரூபாயில் சொன்னார். ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும் என்று. "மாமா ரூபாயில சொன்னதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சி" என்று ஆதவன் என்னிடம் சொன்னான்.

அதற்கப்புறம் கிளம்பியது பேச்சு. ஜெயக்கொடி என் கடையில் பூ வாங்க வந்தவள், சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி பேசினாள். "தாலி இல்லாதவ கையால சூடம் ஏத்துனா வண்டி நிக்குமாக்கா? எந்தம்பிய முழுங்கினா, இப்போ வண்டியையும் முழுங்கிட்டா. நான் பக்கத்துலதான நின்னேன், எங்கிட்ட குடுத்தா இன்னா, கையி தேஞ்சிடுமா?"

நான் பூவைக் கூடுதலாக ஒரு முழம் அளந்து கொடுத்தேன், அவள் சீக்கிரம் போகட்டும் என்று.

மறு வெள்ளிக்கிழமை மீனம்பாள் வந்தாள். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை. எப்போதும் சூடம் வாங்கித் தானே ஏற்றிக் கும்பிடுகிறவள், அன்று வாங்கிய சூடத்தை என் பக்கமே தள்ளினாள்.

"நீ ஏத்திடுக்கா. எங்கையி வாணாம்."

"ஏம்மா இப்படிச் சொல்ற?"

"நல்ல வண்டிக்கா அது. அண்ணன் பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்ன வண்டி. எங்கையி பட்டுத்தான் இப்படி ஆச்சி. புள்ள பொழப்புல நானே மண்ண போட்டுட்டேன். வண்டிய தொடக்கூட பயமா இருக்குதுக்கா. அவன் சாப்ட கூப்ட்டா, வண்டிய சுத்திக்கினு அந்தாண்ட வழியா போறேன்."

கோயில் குழாயடியில் பச்சைமுத்து கையில் படிந்த கிரீஸை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை. தண்ணீர் கையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, கை அசையவில்லை.

மீனம்பாள் போனபின் என் கூடைக்கு முன்னால் வந்து குந்தினார். தலை நிமிராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். சேஸ், பெயிண்ட், நகத்தால் சுரண்டியது எல்லாம்.

"மைய பூசிக்கினு குந்தியிருந்தேங்க்கா. காயட்டும், காயட்டும்னு. இல்லன்னா சூடத்துக்கு முன்னாடியே வந்திருப்பேன்."

"பாத்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"ஏத்திட்டாங்களே. சாமி எதிர்ல எரியுது. வாய் வர்லக்கா."

"இப்போ அவகிட்ட சொல்லு."

"அதுக்கும் வர்ல."

சாமிக்குப் பயந்து வாயை மூடிய மனிதரிடம் நான் என்ன சொல்வேன்? அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் அந்தப் பெண் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு போனது கண்ணில் நின்றது. "நான் சொன்னா அது பொறணி. நீ சொன்னாத்தான் அவ கைக்கு நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொல்லவில்லை. வேலை செய்தார். வேறு யாருக்கும் வண்டி பார்க்கப் போகாமல், மழை விட்ட நேரமெல்லாம் மீனம்பாள் வாசலில் கிடந்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தொட்டியை இறக்கி, சேஸை விழுப்புரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகடு வைத்து வந்து, திரும்பப் பூட்டினார். கூலி கிடையாது. அவள் சோறு போட்டால் தலை நிமிராமல் சாப்பிடுவாராம். "அண்ணன் மாதிரி மனுசன் உண்டாக்கா?" என்று அவள் என்னிடமே வந்து மெச்சினாள். அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு முறையும் அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கே முகம் சுருங்கும்.

சலூன் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். மீசை அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. "இன்னா பச்ச, மாப்ள ஒரேடியா கெழவனாயிட்ட?" என்றார் பஞ்சர் கடைக்காரர். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவர், துண்டால் வாயை மறைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கார்த்திகையில் வண்டி தயாரானது. அடிபட்ட வண்டியைத் திரும்ப ரோட்டில் விடும்போது மறுபடி பூசை போடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்தார்கள். இந்த முறை ஜெயக்கொடி பட்டுப் புடவையில் வந்திருந்தாள். தட்டு அவள் கையில் இருந்தது. மீனம்பாள் கோயில் பக்கமே வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை ஓரமாக, டயர் அடுக்குக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். "வாம்மா" என்று ஆதவன் இரண்டு முறை கூப்பிட்டான். "நீங்க முடிங்கடா, நான் இங்கேந்தே கும்புட்டுக்கறேன்" என்றாள்.

பூசாரி சந்தனம் வைத்தார். நான் பழங்களைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். ஜெயக்கொடி தீப்பெட்டியை எடுத்தாள்.

"பூசாரி, கொஞ்சம் இரு" என்றார் பச்சைமுத்து.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் சாலையைத் தாண்டிப் பேசினார்.

"மீனா. அன்னிக்கு அடியில போனப்பவே சேஸு ஒடஞ்சிதான் இருந்துச்சி. பெயிண்ட் அடிச்சி மறச்சிருந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் நல்லா இருக்குதுன்னு சொன்னேன்."

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அடப்பாவி மனுசா" என்றாள் ஜெயக்கொடி. "தரகன்கிட்ட துட்டு வாங்கினியா?"

"அதெல்லாம் இல்லம்மா. சூடம் ஏத்திட்டாங்க. ஏத்துன வண்டிய எப்படி கொற சொல்றதுன்னு..." மீசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "உங்கையில ஒண்ணும் இல்ல மீனா. எல்லாம் எங்கண்ணு பாத்து, என் வாயி மூடுனது."

மீனம்பாள் சாலையைக் கடந்து வந்தாள். ஓடி வரவில்லை, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தாள். வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"எங்க பாத்த? காட்டு."

அவர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து காட்டினார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு மண்ணிலேயே மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவினாள். புதுத் தகடு இருக்கும் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அத்தனை நாளாகத் தொடப் பயந்த வண்டி. எழுந்தபோது விரல்களில் கரி படிந்திருந்தது. கண்ணைத் துடைத்ததில் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

"பணம் எம்முடிச்சிலதான இருந்துச்சி அப்போ?"

"ஆமாம்மா."

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா தரகன் வண்டி அவனோட, எம்பணம் என்னோட. என் ஆடெல்லாம் போச்சேண்ணே. அது போவட்டும். ரெண்டு மாசமா நான் எங்கையால புள்ளைக்கு சோறு போடறதுக்கே பயந்துக்கினு கெடந்தேன். என் வூட்டு வாசல்ல குந்திக்கினு அத்த பாத்துக்கினுதான இருந்த?"

அவர் மண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சூடத்துக்கு பயந்துட்டியா? நான் ஏத்துன சூடம்தான அது? நீ வாய தொறந்திருந்தா அத்த அணைச்சிட்டு, வேற நல்ல வண்டிக்கு இன்னொண்ணு ஏத்தியிருப்பேன். சாமி இன்னா கோச்சிக்கப் போவுது?"

பூசாரி கோதண்டராமன் மெல்ல இருமினார். ராகுகாலத்துக்கு அவசரப்படுத்தியது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஜெயக்கொடியின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கி, மீனம்பாள் பக்கம் நீட்டினார். ஜெயக்கொடி ஏதோ சொல்லத் தொடங்கி, மீனம்பாளின் கன்னத்தில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு, தீப்பெட்டியையும் நீட்டிவிட்டாள். "புடி. என்னிய இன்னாத்துக்கு பாக்கற?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மீனம்பாள் கரி படிந்த கையாலேயே ஏற்றினாள். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதை உள்ளங்கையால் மறைத்துப் பற்றவைத்தாள். நாங்கள் எல்லாரும் கும்பிட்டோம். பச்சைமுத்து மட்டும் கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து ஓரமாக நின்றார். பூசாரி விபூதித் தட்டை அவரிடம் கொண்டுபோனபோது ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பூசாரி விடாமல் தானே பூசிவிட்டார்.

மன்னித்தேன் என்று மீனம்பாள் சொல்லவில்லை. முன்னால் ஏறி மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜெயக்கொடியும் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினாள். வல்லம் பக்கம் மல்லாட்டை மூட்டை ஏற்ற முதல் லோடு இருந்தது. ஆதவன் தலையை வெளியே நீட்டி, "மாமா, நீங்க பஸ்ல போயிடறீங்களா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் முன்பு மாதிரி இல்லை.

இந்த விஷயம் ஊரில் பரவிவிட்டது. இப்போதெல்லாம் தரகர்கள் பச்சைமுத்துவைக் கண்டால், "வாய்யா, சூடம் ஏத்தட்டா?" என்று கிண்டல் செய்வதாகச் சொல்கிறார்கள். அவர் வண்டி பார்க்க வருவதில்லை. அறுவடை நாள் முழுக்க ஆதவன் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்கப் போவதாகக் கேள்வி. கோயிலில் அவரை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

அன்று ஆதவன் அப்படிக் கேட்டதும் அவர் வண்டியின் பின்பக்கம் போனார். வலிக்கும் முதுகைப் பிடித்துக்கொண்டு, கஷ்டப்பட்டுத் தொட்டிக்குள் ஏறினார். காலித் தொட்டியில் பிடித்துக்கொள்ள வசதியாக ஓரம் இருக்க, அங்கே உட்காராமல் முன்னால் நடந்து போனார். கீழே தகடு வைத்து அடித்திருக்கும் இடத்தை நிதானித்து, அதற்கு நேர் மேலே குந்தி, இரண்டு உள்ளங்கையையும் தரைத் தகட்டின் மேல் பதித்துக்கொண்டார்.

வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. "அங்க ஏன் ஒக்கார்ற, பள்ளத்துல தூக்கிப் போடுமே?" என்று நான் கேட்டேன்.

"இங்கதாங்க்கா குந்தணும்" என்றார். "மறுபடி வுட்டுச்சின்னா, அவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."